கீழ்த்தொட்டி

நான்காவது அறையின் மாடத்தில் மட்டும் மெழுகுவர்த்தி எரிய மறுத்தது.

வெனேரா முதலில் தீக்குச்சியின் மேல்தான் பழி போட்டாள். காலையிலிருந்து மலை இருமிக்கொண்டிருந்தது. சாம்பலோடு ஈரமும் சேர்ந்து இறங்கி வீட்டில் துணி, காகிதம், உப்பு எல்லாமே நமுத்துப் போயிருந்தன. ஆனால் குச்சி நமுக்கவில்லை. உரசியதும் பற்றி, விரல்களுக்கு நடுவே நிமிர்ந்து எரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில், எரிமலைக் கல்லில் கணுக்கால் உயரத்துக்குக் குடைந்திருந்த மாடத்துக்குள் குனிந்து அதைக் கொண்டுபோனபோதுதான் சுடர் ஒடுங்கியது. காற்றில் அணைகிற சுடர் முதலில் தலையாட்டும், ஒரு பக்கம் சாயும். இது சாயவில்லை. நீலமாகிச் சிறுத்து, தண்ணீரில் முக்கியதுபோல் அவிந்தது. அவிந்த குச்சியின் புகையும் மேலே எழவில்லை. மாடத்தின் வாயிலிருந்து வழிந்து, தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் மெல்லிய துணிபோல் விரிந்து, கதவுப் பக்கமாக மெதுவாக நகர்ந்தது.

மூன்று குச்சிகள். மூன்றும் அதே உயரத்தில் அவிந்தன.

அது என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் நான்காவது குச்சியை உரசவில்லை. பெட்டியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, தேவையில்லாமல் நிமிர்ந்து, தேவையில்லாமல் ஆழமாக ஒரு மூச்சை இழுத்துவிட்டு வெளியே வந்தாள்.

அந்த மாடங்கள் அவளுடைய யோசனை. எத்னா எரிமலையின் வடசரிவில் ஷாரா பேர்சா என்கிற தோட்டத்துக்கு நடுவே இருந்த பழைய திராட்சை ஆலையை ஒன்பது அறை கொண்ட சின்ன ஓட்டலாக மாற்றித் தரச்சொல்லித் தோட்டத்துச் சொந்தக்காரர் சிரினோ கேட்டபோது, அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்: மலை கொடுத்ததைத் தவிர வேறெதுவும் உள்ளே வராது. சுவருக்கு எரிமலைக் கல். பூச்சுக்குச் சாம்பல் கலந்த சுண்ணாம்பு. உத்தரத்துக்கு, கொடிகளுக்கு ஊன்றுகோலாக நடுகிற அதே செஸ்ட்நட் மரம். சன்னல்களைத் தாழ்வாக வைத்தாள். படுத்திருப்பவர் கண்ணுக்கு வானம் தெரியக்கூடாது, நூறு வயதான கொடியின் முறுக்கேறிய அடிமுண்டு தெரியவேண்டும். அறுவடைக் காலத்தில் கூடை சுமப்பவர்கள் கால் வைக்கும் இடம் தெரிவதற்காகக் கல்படிகளின் ஓரத்தில் விளக்கு வைப்பார்கள். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு கட்டிலடியிலும் ஒரு மாடம் குடைந்தாள்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் கூடம். சுவரோரமாக, ஆட்கள் இறங்கித் திராட்சையை மிதித்த அகலமான கல்தொட்டி. மிதித்த சாறு வழிந்து சேர்கிற ஆழமான கீழ்த்தொட்டி தரைக்கு அடியில். கீழ்த்தொட்டியின் வாய்மேல் கனத்த கண்ணாடியைப் பதித்தாள். வருகிறவர்கள் தங்கள் காலுக்குக் கீழே மூன்றரை மீட்டர் இருட்டைப் பார்த்தபடி நடக்கவேண்டும். வரைபடத்தைப் பார்த்த எல்லோரும் அந்த இடத்தில்தான் விரலை வைத்துப் பாராட்டினார்கள். கொத்தனார் தெல்ஃபோவும் அந்த இடத்தில்தான் செத்தார். போன அக்டோபரில்.

நாளை மதியம் முதல் விருந்தினர்கள் வருகிறார்கள்.

சமையலறை, கூடத்திலிருந்து இரண்டு படி ஏறி இருந்தது. நூன்சியா அடுப்பின் முன்னால் நின்று திராட்சைச் சாற்றுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். சுண்டிய சாறும் பட்டையும் கலந்த இனிப்பு வாசனை, அதற்கடியில் லேசான புளிப்பு. வீடு முழுக்க அந்தப் புளிப்பு வருவது இதனால்தான் என்று வெனேரா தனக்குச் சொல்லிக்கொண்டாள். கூரை ஓடுகளில் சாம்பல் விழும் சத்தம் யாரோ மேலே உட்கார்ந்து ரவை சலிப்பதுபோல நிற்காமல் கேட்டது.

"நாலாம் அறையில வத்தி எரியலையா?" என்றாள் நூன்சியா, திரும்பிப் பார்க்காமலே.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"குச்சி ஒரசுற சத்தம் மூணு தடவை கேட்டுச்சு. அது அப்படித்தான் ஆர்க்கிடெக்டம்மா. சில நாள் எரியும், சில நாள் எரியாது. நான் கண்டுக்கறதில்ல." துடுப்பைச் சட்டியின் விளிம்பில் தட்டினாள். "உக்காருங்க. காலையிலேருந்து பச்சத்தண்ணிகூடக் குடிக்காம சுத்துறீங்க. சிரினோ வேற பத்து தடவை போன் போட்டுட்டார். பொண்ணு பாக்கப்போற மாப்பிள்ளைகூட இந்தப் பதறு பதறமாட்டான்."

நூன்சியா தெல்ஃபோவின் மனைவி. நாற்பத்தெட்டு வயது. புருஷனை அடக்கம் செய்து ஒரு மாதம் கழித்து, ஓட்டல் திறந்ததும் சமையலையும் அறைகளையும் நீ பார்த்துக்கொள் என்று சிரினோ அவளைக் கொண்டுவந்து சேர்த்தார். அன்றிலிருந்து வெனேரா இங்கே வரும் ஒவ்வொரு முறையும் அவள் கையால்தான் சாப்பிட்டாள். அந்தச் சாப்பாடு ஒவ்வொன்றும் அவளுக்கு நினைவிருந்தது.

களியைத் தட்டில் ஊற்றி, மேலே வறுத்த பாதாம் தூவி, நூன்சியா எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"நாளைக்கு ஆளுங்க வந்துட்டா இதைச் சொல்ல நேரம் கிடைக்காதும்மா. ஒரு வருஷமா மனசுல கிடக்கு. எங்க வீட்டுக்காரரால உங்க வேலை மூணு மாசம் நின்னு போச்சு. போலீசு, விசாரணைன்னு உங்களை அலைய வெச்சிட்டாரு. நீங்க படிச்சுப் படிச்சுச் சொல்லியும் கேக்காம எறங்கினாராமே. அந்த மனுஷன் எப்பவுமே அப்படித்தான், யார் பேச்சும் காதுல ஏறாது. அவருக்காக நான் உங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்."

வெனேராவின் வாயில் ஒரு கரண்டிக் களி இருந்தது. அது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"சாப்பிடுங்க," என்றாள் நூன்சியா. "ஆறினா நல்லாருக்காது."

தெல்ஃபோ செத்த அன்று வியாழக்கிழமை. ஆலையை ஓட்டலாக மாற்றுவதற்கு முன் கடைசி முறையாக வீட்டுத் தேவைக்கு என்று சிரினோ மேல்தொட்டியில் திராட்சை மிதிக்க வைத்திருந்தார். நான்காம் நாள். சாறு நுரைத்து, சின்னச் சின்னதாய்ச் சீறிக்கொண்டு பொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கும் தொட்டிக்குள் வைக்கும் விளக்குகளுக்குமான வரைபடத்தை அன்று சாயங்காலமே பட்டறைக்கு அனுப்பவேண்டும். எல்லா அளவும் இருந்தது, கீழ்த்தொட்டியின் ஆழத்தைத் தவிர.

தெல்ஃபோ தொட்டி விளிம்பில் நின்று தலையைச் சொறிந்தார். "இன்னிக்கு வேணாம்மா. மேல சாறு பொங்குது, கெட்ட காத்து கீழதான் எறங்கும். மெழுகுவத்தியைக் கட்டி எறக்கிப் பாக்காம நான் எறங்கினதே இல்ல. வத்தி சிரினோ வண்டியில போயிடுச்சு. நாளைக்குக் காலையில மொத வேலையா பாத்துடலாம்."

"ரெண்டு நிமிஷ வேலை மேஸ்திரி," என்றாள் வெனேரா. "டேப்பை வெச்சு நம்பரைச் சொல்லிட்டு ஏறிடுங்க." அவர் அப்போதும் தயங்கியதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சேர்த்தாள்: "இருபத்தஞ்சு வருஷமா கல்லோட மல்லுக்கட்டுறீங்க. ஒரு குழிக்கா பயப்படறீங்க?"

அவரும் சிரித்தார். ஏணியை இறக்கினார்.

மூணு மீட்டர் நாப்பத்திரண்டு என்று கீழேயிருந்து குரல் வந்தது. அவள் எழுதிக்கொண்டாள். இரும்பு டேப் சீறிக்கொண்டு கூட்டுக்குள் சுருண்டு, டக் என்று நின்றது. பிறகு, சுமை ஏற்றிவந்த ஒருவன் மூட்டையை அலுங்காமல் தரையில் வைப்பது மாதிரி ஒரு சத்தம். மேஸ்திரி என்று இரண்டு முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிடவில்லை.

இறங்காததற்காக அவள் தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டதில்லை. இறங்கியிருந்தால் இரண்டு பிணம். ஆனால் அவள் கத்தவும் இல்லை. நோட்டை மூடினாள். பின்வாசல் வழியாக வெளியே வந்து, கல்படியேறி, ஆட்கள் திராட்சை பறித்துக்கொண்டிருந்த மேல்வரப்புக்குப் போனாள். அவர்கள் பார்க்கும்படி நின்றாள். மதில் கல்லைத் தட்டிப் பார்த்து, இது எந்த வருஷத்து எரிமலைக் குழம்பு என்று ஒருவனிடம் விசாரித்தாள். பதிலைக் கவனமாகக் கேட்டாள். இருபது நிமிடம் கழித்து, தண்ணீர் எடுக்கப் போன ஒருத்தி அலறியபோது எல்லோரோடும் சேர்ந்து ஓடிவந்தாள். இறங்காதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போனேன் என்று அதிகாரிகளிடம் சொன்னாள். அழுதாள். அழுகை உண்மையானது. பிணப் பரிசோதனை முடிந்து வந்த டாக்டர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் யாரிடமோ தாழ்ந்த குரலில், உடனே போகலை, கொஞ்ச நேரம் மூச்சு இருந்திருக்கு என்றார். அது காதில் விழாததுபோல அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

களித் தட்டு காலியாகியிருந்தது. எப்போது சாப்பிட்டு முடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கூடத்தில் வெளிச்சம் குறைந்திருந்தது. மணி நான்கரைதான். ஆனால் சன்னல் விளிம்புகளில் சாம்பல் கரிய பொடியாகக் குவிந்து, பகலைப் பாதி உயரத்துக்கு மூடிவிட்டது. விபத்துக்குப் பிறகு சட்டப்படி பொருத்திய காற்று மீட்டர் சுவரில் கணுக்கால் உயரத்தில் பச்சையாக எரிந்தது. பச்சை என்றால் நல்ல காற்று. அவள் அதைப் பார்த்தபடியே குச்சியை உரசினாள். மெதுவாகக் கையை இறக்கினாள்.

முழங்காலுக்கு வந்ததும் அவிந்தது.

நான்காவது அறையில் ஒரு சாண். இங்கே முழங்கால். இன்னொரு குச்சியை உரசி, கூடத்தின் மறுகோடியில் போய் இறக்கிப் பார்த்தாள். அங்கேயும் முழங்கால். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து மட்டம் கட்டி நிற்பதுபோல. அவள் அதில் நின்றுகொண்டிருந்தாள். மீட்டர் பச்சையாகவே இருந்தது.

சிரினோவுக்குப் போன் போட்டாள்.

"மீட்டர் என்ன காட்டுது?" என்றார் அவர். பின்னணியில் வண்டியின் துடைப்பான் சாம்பலை இழுத்துக் கீறும் சத்தம்.

"பச்சை."

"அப்புறம் என்ன? சாறெல்லாம் கீழ ரோட்டோரம் புது ஆலையிலதான் பொங்குது. அங்கேருந்து மேல ஏறி வர்றதுக்கு அதுக்கென்ன காலா இருக்கு? திறப்பு விழான்னா எல்லாருக்கும் வயித்தைக் கலக்கும், உனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி."

"தீக்குச்சி அவியுது சிரினோ."

"வந்துக்கிட்டுதான் இருக்கேன். ரோடெல்லாம் சாம்பல், வண்டி வழுக்குது. அரைமணி ஆகும். சன்னலையெல்லாம் தெறந்து வை. நூன்சியாவை வெளிய கூட்டிட்டுப் போ."

போனைப் பையில் வைத்தபோதுதான் கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியின் நடுவில், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு, வெள்ளையாக மூட்டம் படர்ந்திருந்தது. நூன்சியா கழுவிவிட்டுத் துடைக்க மறந்த ஈரம் என்று நினைத்து, செருப்பு நுனியால் தேய்த்தாள். போகவில்லை. மூட்டம் ஓரங்களிலிருந்து தானாகச் சுருங்கி, ஒரு காசளவாகி, மறைந்தது. அவள் மூச்சு விட்டாள். அது மறுபடியும் விரிந்தது.

கண்ணாடியின் அடிப்பக்கத்தில்.

விரிந்தது. நின்றது. சுருங்கியது. ஒரு இடைவெளி. மறுபடி விரிந்தது. நன்றாகத் தூங்குகிற ஒருவர் கண்ணாடியை ஒட்டி வாயை வைத்துக்கொண்டு மூச்சுவிட்டால் அப்படி இருக்கும். கீழ்த்தொட்டிக்குள் அவள் பொருத்திய விளக்குகள் அணைந்திருந்தன. மூட்டத்துக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. இருட்டுகூட அங்கே தட்டையாக, மிகப் பக்கத்தில் இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று தெரியவில்லை. தன்னுடைய மூச்சு அதன் அளவிலேயே போய்வருவதைக் கவனித்தாள். வேண்டுமென்றே மூச்சை மாற்றினாள். வேகமாக இரண்டு. மெதுவாக ஒன்று.

கீழே இருந்ததும் மாற்றியது. வேகமாக இரண்டு. மெதுவாக ஒன்று.

பின்னால் காலடி. நூன்சியா, கையில் துணியோடு.

"ஐயோ, இது மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சா. நாளைக்கு வர்றவங்க பாத்தா என்ன நெனைப்பாங்க, வீட்டைத் துடைக்கக்கூடத் தெரியாதவன்னு சொல்லுவாங்க."

"வேணாம். குனியாதீங்க."

"ரெண்டு நிமிஷ வேலைம்மா."

அவள் மண்டியிட்டாள். குனிந்தாள். அவள் கழுத்து, வாய், நெற்றி, நரைத்த வகிடு, எல்லாம் அந்த மட்டத்துக்குக் கீழே போயின. வெனேராவின் காதுக்குள் டேப் சுருளும் சீறல். அவள் யோசிக்கவில்லை. நூன்சியாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, இழுத்து, நாற்காலி ஒன்றைத் தள்ளிவிட்டு, வாசலைத் தாண்டி, முற்றத்துக் கல்பெஞ்சில் கொண்டுபோய்ப் போட்டாள். போட்டபிறகுதான் மூச்சு விட்டாள்.

நூன்சியா இருமவில்லை. முகம் கறுக்கவில்லை. தோளைத் தேய்த்துக்கொண்டு ஆச்சரியமாகப் பார்த்தாள். "என்னம்மா இது. தோள்பட்டை கழண்டுடும்போல இருக்கு."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? தலை சுத்தலையே?"

"எனக்கென்ன. நல்லாத்தான் இருக்கேன். நீங்கதான் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க."

சாம்பல் நேராக, மெதுவாக விழுந்துகொண்டிருந்தது. கொடிகளின் மேல், மதில் மேல், நூன்சியாவின் தலைமேல். மலை தெரியவில்லை. அது இருக்கும் திசையிலிருந்து ஆழமான ஒரு முனகல் மட்டும் வந்து வந்து நின்றது. நூன்சியா எழுந்து, தன் முந்தானைபோல் ஏப்ரன் நுனியை எடுத்து, வெனேராவின் நெற்றியில் படிந்த சாம்பலைத் துடைத்துவிட்டாள். அந்தக் கை பட்டதும் வெனேராவால் தாங்க முடியவில்லை.

சொன்னாள். முழுவதையும் சொன்னாள். வத்தி இல்லை என்று அவர் சொன்னதை. பயமா என்று தான் கேட்டதை. நம்பர் வந்ததை, எழுதியதை, மேல்வரப்பில் போய் நின்றதை. சொல்லச் சொல்ல மார்பிலிருந்து ஒரு கல் புரள்வதுபோல இருந்தது. அந்த லேசை உணர்ந்தபோது வெட்கமாகவும் இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

நூன்சியா மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

"பயமான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

"சிரிப்பாரு," என்றாள் நூன்சியா. "எவ்வளவு நேரம் மேல நின்னீங்க?"

"இருபது நிமிஷம்."

நூன்சியா தலையை ஆட்டிக்கொண்டாள். திட்டுவாள், அறைவாள் என்று வெனேரா காத்திருந்தாள். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"இதை ஏம்மா என்கிட்ட சொன்னீங்க?" குரலில் கோபமே இல்லை, களைப்புதான் இருந்தது. "அந்தக் கண்ணாடி போட்டதிலேருந்து தினமும் சாயங்காலம் அதுக்கு அடியிலேருந்து என்னைக் கூப்பிடுறாரு. நூன்சியா, நூன்சியான்னு. மொதல்ல பயந்தேன். அப்புறம் பழகிடுச்சு. ஆனா ஒரு நாள்கூட நான் பதில் கொடுத்ததில்ல. யார் பேச்சையும் கேக்காம எறங்கி, என்னை அம்போன்னு விட்டுட்டுப் போன மனுஷனுக்கு என்ன பதில்? அந்த மூட்டத்தைத் துடைச்சிட்டு, போய் என் வேலையைப் பாப்பேன். விளக்கை அவிப்பாரு. கதவைச் சாத்துவாரு. சின்னப் புள்ளை மாதிரி மூஞ்சியைத் தூக்கிக்குவாரு. கிடன்னு விட்டுடுவேன். அந்தக் கோவம்தாம்மா என்னைப் புடிச்சு நிறுத்தி வெச்சிருந்துச்சு."

வெனேரா வாசல் வழியாகக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப அவர் மேல தப்பே இல்லன்னு ஆயிடுச்சே," என்றாள் நூன்சியா. "இனிமே எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நான் பேசாம இருப்பேன்?"

ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தாள். நான்காக மடித்துப் பெஞ்சின்மேல் வைத்தாள். தலையிலிருந்த சாம்பலைத் தட்டி, இரண்டு கையாலும் முடியைப் படிய நீவிவிட்டுக்கொண்டாள்.

வெனேரா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "போகாதீங்க. உங்க காலில் விழறேன். சிரினோ இப்ப வந்துடுவார்."

நூன்சியா அந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். பிஞ்சுக் குழந்தையின் பிடியை எடுப்பதுபோல, வலிக்காமல். பிறகு உள்ளே போனாள்.

வெனேரா வாசல்வரை ஓடினாள். வாசலில் கால் நின்றுவிட்டது. ஓராண்டுக்கு முன் அவளை மேல்வரப்புக்கு நடத்திப்போன அதே கால்கள். குச்சியை உரசி நீட்டினாள். இடுப்புக்கு மேலேயே அவிந்தது. அடுத்தது மார்பளவில். உள்ளே சாம்பல் நிற இருட்டில் நூன்சியா கண்ணாடியின்மேல் நிற்பது தெரிந்தது. தலையைச் சற்றுச் சாய்த்து, காது கொடுத்து நின்றாள்.

பிறகு அவள் பதில் சொன்னாள். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணின் குரலில்.

"என்னங்க?"

அவ்வளவுதான். அவள் மண்டியிட்டாள். படுத்தாள். வெகுநாள் தூக்கம் பாக்கி இருப்பவள் கட்டிலில் சாய்வதுபோல.

ரவை சலிக்கும் சத்தம். மலையின் முனகல். வேறொன்றும் இல்லை.

இந்த முறை வெனேரா போனாள். மூச்சை இழுத்துப் பிடித்தாள். வாயை இறுக மூடினாள். ஓடினாள். நாற்காலியில் முட்டி இடித்தது. கண்ணாடி காலுக்குக் கீழே வழுக்கியது. நூன்சியாவின் தோளைப் பற்றி இழுத்தாள். வரவில்லை. மறுபடி. வரவில்லை. சற்றுமுன் பஞ்சுபோல் வந்த உடம்பு இப்போது தரையோடு வார்த்ததுபோல் கனத்தது. நூன்சியா குப்புறக் கிடந்தாள். முகம் ஒரு பக்கம் திரும்பி, உதடுகள் கண்ணாடியில் அழுந்தியிருந்தன. கண் திறந்திருந்தது. உதட்டருகே கண்ணாடியின் மேல்பக்கம் துளி மூட்டம் இல்லை. சுத்தமாக இருந்தது. அதே இடத்தில், அடிப்பக்கம், மூட்டம் விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

நெஞ்சு வெடித்தது. காதில் ரத்தம் இடித்தது. கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள். இழுத்தாள். விடவில்லை. இழுத்தாள்.

சன்னலில் வெளிச்சம் வீசியது. வண்டிக் கதவு சாத்தும் சத்தம். சிரினோ வாசலில் நின்றார், தோளெல்லாம் சாம்பல். பார்த்தார். சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்துப் பற்றவைத்து, குனிந்து, அதைத் தரையோடு தரையாகக் கொண்டுவந்தார். சுடர் நேராக நின்றது. காற்று மீட்டருக்கு அடியில் வைத்துப் பார்த்தார். நின்றது. கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தார். நின்றது.

"காத்து நல்லாத்தானே இருக்கு," என்றார். "நீ எதுக்கு மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற?"

வெனேராவின் வாய் தானாகத் திறந்தது. காற்று உள்ளே பாய்ந்தது. சாம்பல் வாசனை. சுண்டிய சாறு, பட்டை. நல்ல காற்று.

சிரினோ மண்டியிட்டு நூன்சியாவைப் புரட்டினார். சுலபமாகப் புரண்டாள். மூக்கருகே விரல் வைத்தார். கழுத்தில் வைத்தார். கையை எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"காலையிலகூட போன்ல என்னைக் கேலி பண்ணினாளே," என்றார். "என்ன நடந்தது? வெனேரா. அவகிட்ட நீ என்ன சொன்ன?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள். அடியில் இப்போது இரண்டு மூட்டங்கள் இருந்தன. ஒன்று பெரியது. பக்கத்தில், சற்றுச் சிறியதாக, இன்னொன்று. ஒன்று விரியும்போது மற்றது சுருங்கியது. மற்றது விரியும்போது முதலாவது பொறுத்திருந்தது. இருவர் மாறி மாறிப் பேசிக்கொள்வதுபோல. சிறியது நீண்ட நேரம் விரிந்திருந்தது, எதையோ விவரமாகச் சொல்வதுபோல. பெரியது கேட்டுக்கொண்டிருந்தது.

"உன்னைத்தான் கேக்கறேன்," என்றார் சிரினோ.

இரண்டும் ஒரே சமயத்தில் நின்றன.

பிறகு நகர்ந்தன. அவசரம் இல்லாமல், பக்கம் பக்கமாக, கண்ணாடியின் அடிப்பக்கத்தில் தவழ்ந்து வந்து, வெனேராவின் இரண்டு பாதங்களுக்கும் நேர் கீழே ஒவ்வொன்றாகத் தங்கின. அவள் காலை எடுக்க நினைத்தாள். எடுக்க முடியவில்லை. தடித்த கண்ணாடியையும் செருப்புத் தோலையும் தாண்டி, உள்ளங்கால்களில் வெதுவெதுவென்று மூச்சு ஏறிக்கொண்டிருந்தது.